நெடுந்தீவுக்குக் கொண்டுபோன தண்ணீர்

கடல் கடந்து போனவர்கள் எல்லோரும் ஊருக்குத் திரும்பியதும் பயணம் எழுதுகிறார்கள். லண்டனில் பனி கொட்டியது என்கிறார்கள், சிங்கப்பூரில் தெரு பளபளத்தது என்கிறார்கள். நானும் கடல் கடந்தவள்தான். ஒன்றரை மணி நேரம் கடந்தேன். நடுக்கடலில் இயந்திரம் நின்றுபோன அரை மணியையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு எழுத்து எதற்கு என்று கேட்பவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் ஆறுதலாகத்தான் எழுதுவேன்.

போன இடம் நெடுந்தீவு. அங்கே என் தங்கை இராசமணி இருக்கிறாள். இருபத்தாறு வருடமாக இருக்கிறாள். அந்த இருபத்தாறு வருடமும் நான் அவள் வீட்டுக்குப் போகவில்லை, அவளும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. உரும்பிராயில் பிறந்து, செம்மண்ணில் வளர்ந்து, கொக்குவிலில் பேசி முடித்த கடைக்கார மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வந்த தீவு வாத்தியாரைக் கட்டிக்கொண்டு போனவள். எங்கள் பகுதியில் தீவார் என்றால் ஓர் இளக்காரம். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் இளக்காரத்தில் குறை வைக்கவில்லை.

அவள் போன அன்று காலை, வேலிப் படலையில் நின்று, அயலட்டை எல்லாம் கேட்கச் சொன்னேன்: "உன்ரை வீட்டிலை ஒரு மிடறு தண்ணி குடிச்சனெண்டா, நான் அப்புவுக்குப் பிறக்கேல்லை."

சொன்னது சொன்னதுதான். அதை மாற்றிச் சொல்லுகிற வழக்கம் என்னிடம் இல்லை.

இப்படி இருக்கையில், மலாயாவில் ரயில்வேயில் இருந்து பென்சன் எடுத்த என் தம்பி குணம், மனைவி பவளத்தோடு ஒரு மாதம் நிற்பதாகக் கப்பலில் வந்து இறங்கினான். சீனிக்கும் பாணுக்கும் நாங்கள் வரிசையில் நின்ற காலம் அது. இரண்டு பெட்டி நிறையச் சாமான் கொண்டுவந்திருந்தான். வந்த மூன்றாம் நாள் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு சொன்னான்:

"அக்கா, எனக்கு நெஞ்சிலை வருத்தம். டொக்டர் இந்த ஒருக்காலோடை தூரப் பயணம் காணும் எண்டிட்டார். இதுதான் என்ரை கடைசி வரத்து. நீயும் நானும் தங்கச்சியும் ஒரு கிழமை ஒரு வீட்டிலை இருக்கவேணும். அவள் இஞ்சை வரமாட்டாள். நீ அங்கை வா."

"நான் அங்கை தண்ணி குடிக்கமாட்டன்."

"குடியாதை. வா."

நெஞ்சு வருத்தக்காரனோடு தர்க்கம் பண்ணக்கூடாது. அவன் மலாயாவிலிருந்து கொண்டுவந்த நீலப் பிளாஸ்டிக் கான் ஒன்று இருந்தது, இரண்டு கலன் கொள்ளும். அதை மூன்று தரம் அலம்பி, எங்கள் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, மூடியைத் துணி சுற்றி இறுக்கினேன். உரும்பிராய்க் கிணற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எந்தக் கோடையிலும் வற்றாது, வாயில் வைத்தால் இளநீர்.

பஸ்ஸில் தம்பிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அக்கா, சோறு அவள் வீட்டுத் தண்ணியிலைதானே வேகும்? அதுக்கென்ன செய்யப்போறாய்?"

"வெந்து வத்தின தண்ணியைத் தண்ணியெண்டு சொல்லேலாது. அது சோறு."

"கறி?"

"கறி கறிதான்."

"ரசம்?"

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். கடலுக்கு நடுவே போட்ட தெருவில் பஸ் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் முழங்காலளவு தண்ணீரில் ஆட்கள் இறால் கூடு தூக்கிக்கொண்டிருந்தார்கள். பார்க்க நல்ல காட்சி.

சோளகக் காற்று வீசுகிற மாதம். லாஞ்சி என்கிற மோட்டார் படகில் ஆட்களும் ஆடுகளும் அரிசி மூட்டைகளும் ஒன்றாகத்தான் ஏறின. மூட்டைகளுக்கு நல்ல இடம் கிடைத்தது. பவளம் மலாயாவில் பிறந்தவள், பெரிய கப்பலில் மட்டும் போய்ப் பழகியவள். புறப்பட்டுக் கால் மணியில் சத்தி எடுக்கத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து இயந்திரமும் இருமி இருமி நின்றுவிட்டது. அலை எங்களைத் தொட்டிலில் போட்டு ஆட்டியது. இயந்திரக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினார். மேலே நின்ற பத்துப் பேர் அவருக்கு எந்த ஆணியைத் திருகுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

எனக்குப் பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த தீவுப் பெண் ஒருத்தி கானைத் தட்டிப் பார்த்தாள்.

"இதென்ன, ஆச்சி, மண்ணெண்ணெயோ?"

"தண்ணி."

"வருத்தக்காரர் ஆருக்கோ?"

"எனக்குத்தான்."

"உங்களுக்கு என்ன வருத்தம்?"

தம்பி முந்திக்கொண்டான். "வீறாப்பு, பிள்ளை. சின்னனிலையிருந்து இருக்கு."

அவள் தலையாட்டினாள், அப்படி ஒரு நோய் இருப்பது தனக்கும் தெரியும் என்பதுபோல. பவளத்துக்கு வாய் கொப்பளிக்கவும் முகம் துடைக்கவும் கானிலிருந்து ஊற்றினேன். அரைக் கலன் கடலுக்குப் போய்விட்டது. மிஞ்சின தண்ணீரை ஏழு நாளைக்குச் சரிக்கட்ட வேண்டும் என்று மனதுக்குள் முடிவெடுத்தபோது இயந்திரம் உயிர்த்தது.

கரையில் வாத்தியார் மாட்டு வண்டியோடு நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. "வாங்கோ மச்சாள்" என்றார், நேற்றுத்தான் கண்டவர் மாதிரி. நான் "ஓம்" என்றேன். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது?

வண்டியில் இருந்து தீவைப் பார்த்தேன். வேலி எல்லாம் கல். கடல் கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இடுப்பளவு எழுப்பியிருக்கிறார்கள். சாந்தும் இல்லை, சீமெந்தும் இல்லை. எங்கள் ஊரில் ஆள் உயரத்துக்குக் கிடுகு வேலி அடைப்போம், உள்ளே நடப்பது ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று. இங்கே வழியில் போகிறவன் நின்று, உள்ளே என்ன கறி என்று கேட்டுவிட்டுப் போகலாம். கேட்டார்கள். வெளியிலே ஆள் இல்லாத குதிரைகள் கூட்டமாக நின்று எங்களைப் பார்த்தன. யாருடைய குதிரை என்று கேட்டேன். "ஒருத்தற்றையும் இல்லை, மச்சாள். தங்கடை பாட்டிலை நிக்குதுகள்" என்றார் வாத்தியார். சொந்தக்காரன் இல்லாத சீவன் அவ்வளவு கொழுத்து நிற்பதை நான் அன்றுதான் கண்டேன்.

இராசமணி வாசலில் நின்றாள். மெலிந்து, கறுத்து, அம்மாவின் முகமாகியிருந்தாள். தம்பியைக் கட்டிப் பிடித்து அழுதாள். பவளத்தின் கையைப் பிடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என்னையல்ல, கானைப் பார்த்தாள்.

"எத்தினை நாளைக்குக் காணும்?"

"ஒரு கிழமைக்கு."

"அப்ப ஒரு கிழமை நிக்கிறாய். நல்லது." உள்ளே போய்விட்டாள்.

அன்றையிலிருந்து அடுப்பில் இரண்டு கேத்தல் ஏறியது. ஒன்று வீட்டாருக்கு. மற்றது எனக்கு, என் கான் தண்ணீரோடு. என் தேத்தண்ணியை அவள் தனித் தட்டில் வைத்து, பனங்கட்டித் துண்டோடு கொண்டுவந்து, "உரும்பிராயாருக்கு" என்று சொல்லி வைப்பாள். வாத்தியார் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வார். பேப்பர் நடுங்கும்.

இரண்டாம் நாள் முற்றத்துக் கிணற்றில் குளித்தேன். ஆழமில்லாத கிணறு, கையெட்டும் தூரத்தில் தண்ணீர். ஆனால் சவர்க்காரம் நுரைக்காது. தலைமயிர் தும்புக் கட்டையாகிவிட்டது. உதட்டில் பட்டது உப்பு. இந்தத் தண்ணீரைக் குடித்தா இவள் இவ்வளவு நாளும் சீவித்தாள் என்று நினைத்தேன். இரக்கமாகவும் இருந்தது. நான் அன்றே சொன்னேனே என்றும் இருந்தது. இரண்டாவதுதான் கொஞ்சம் கூட.

அன்று மத்தியானம் கூழ். நண்டு, திருக்கை, பலாக்கொட்டை, பயற்றங்காய் எல்லாம் போட்டு, பனங்கிழங்கு ஒடியல் மா கரைத்து, பெரிய பானையில் கொதித்தது. வாசம் என்னை அடுப்படிவரை இழுத்துக்கொண்டு போனது. எல்லோரும் வட்டமாக இருந்து, பனையோலையை மடித்துக் கோலிய பிளாவில் வாங்கி வாங்கிக் குடித்தார்கள். கூழ் என்பது வற்றின தண்ணீரா, வற்றாத தண்ணீரா? தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் நண்டையும் பலாக்கொட்டையையும் மட்டும் தட்டில் எடுத்து வைத்துச் சாப்பிட்டேன்.

"அக்காவுக்குக் கூழ் பிடிக்காதா?" என்று பவளம் கேட்டாள், பாவம்.

"சின்ன வயசிலை பானையோடை தூக்கிக் குடிப்பா" என்றாள் இராசமணி. "வயசு போகப் போக ஆக்கள் மாறுவினம்."

மூன்றாம் நாள்தான் அந்த வேலை நடந்தது.

விடிந்ததும் குளிக்கிறது என் பழக்கம். எழும்பிப் பின் விறாந்தைக்கு வந்தால், சுவரோரம் ஆறு குடம். எல்லாம் நிறையத் தண்ணீர். வாய்க்குச் சிரட்டை மூடி வைத்திருந்தது. ஒரு சிரட்டையைத் தூக்கி விரலைத் தோய்த்துச் சவர்க்காரத்தில் தேய்த்துப் பார்த்தேன். நுரைத்தது! எனக்கு விளங்கிவிட்டது. நேற்று என் தலைமயிர் கிடந்த கிடையைப் பார்த்துவிட்டு, தமக்கை குளிக்க என்று எங்கேயோ அலைந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகென்றாலும் மரியாதை தெரிந்திருக்கிறதே!

வேறெதற்கு என்று எனக்கு ஒரு நினைப்பும் வரவில்லை. குடிக்கிற தண்ணீரைச் சேர்த்து வைக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. தாகம் எடுத்தால் வாளியைக் கிணற்றில் விடுவோம், அவ்வளவுதான்.

ஆறு குடத்தையும் வாழைமரத்தடிக்குத் தூக்கிப் போய், ஆறுதலாக, மனம் குளிரக் குளித்தேன். கடைசிக் குடத்தில் சேலையையும் அலம்பினேன்.

கொடியில் சேலையை விரிக்கும்போது இராசமணி வந்தாள். வெறுங் குடங்களைப் பார்த்தாள். என் ஈரத் தலையைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் அப்படியே படியில் இருந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று கிட்டப் போனால், சிரிப்பு.

"அக்கா! வாயிலை வைக்கமாட்டன் எண்டனி. தலையிலை வாத்துப்போட்டியே!"

"உதென்ன கதை?"

"அது மூண்டு நாளைக்குக் குடிக்கிற தண்ணி. ஒரு கட்டை, முழுசா ஒரு மைல், போய் அள்ளிறது. நேத்து இரவு நீ நித்திரையான பிறகு நானும் அவரும் மூண்டு நடை நடந்தனாங்கள்."

தம்பி வந்து எட்டிப் பார்த்தான். "அக்கா, வாழைமரத்துக்கு இப்ப நல்ல சந்தோசமாயிருக்கும்" என்றான். எனக்கு நெஞ்சு வருத்தம் வந்தால் நல்லது போலிருந்தது.

வெயில் ஏறியது. வீட்டில் குடிக்கத் தண்ணீர் என் கானில் மட்டும்தான். வேறு வழியில்லை, நானே தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தேன். தம்பி மாத்திரையை விழுங்க ஒரு மிடறு. வாத்தியாருக்கு அரைக் கிளாஸ். பவளத்துக்கு ஒரு கிளாஸ். பிறகு இராசமணிக்கு வார்த்துக் கொடுத்தேன். எங்கள் அப்பு வெட்டின கிணற்றுத் தண்ணீர். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு அவள் வாயில் படப்போகிறது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண் கலங்குவாள், ஒரு வார்த்தை சொல்வாள், நானும் பெருந்தன்மையாக ஏதாவது சொல்லலாம் என்று ஆயத்தமாக இருந்தேன்.

அவள் குடித்தாள். நாக்கை அண்ணத்தில் தட்டினாள். இன்னொரு மிடறு குடித்தாள்.

"சப்பெண்டு கிடக்கு" என்றாள்.

"என்னது?"

"ஒரு ருசியுமில்லை, அக்கா. முந்தியும் இப்பிடித்தானோ?"

வாத்தியார் பேப்பரைத் தேடினார். அகப்படவில்லை. எழும்பி மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார்.

அவ்வளவு ஆத்திரம் எனக்கு அவள் கலியாணம் முடித்த அன்றும் வரவில்லை. பின்னேரம் அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டபோது, "நானும் வாறன்" என்று ஒரு குடத்தை எடுத்தேன். ஆறு குடத்தைக் கவிழ்த்தவள் வீட்டில் குந்தியிருந்தாள் என்று ஒரு தீவாரும் சொல்லக்கூடாது.

"ஒரு கட்டை நடக்க ஏலுமோ?"

"உனக்கு முதல் போய் நிப்பன்."

நிற்கவில்லை. வெயில் முதுகில் அடித்தது, கல் காலில் குத்தியது, குதிரைகள் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. கானில் மிஞ்சினதைத் தம்பியின் மாத்திரைக்கு விட்டுவிட்டு வந்திருந்தேன். பாதி வழியில் நாக்கு உள்ளே ஒட்டிக்கொண்டது. இராசமணி எனக்காக மெல்ல நடந்தாள், மெல்ல நடக்கவில்லை என்பதுபோல.

"வந்த புதிசிலை, அக்கா, எனக்கு எங்கடை கிணறுதான் கனவிலை வரும். வாளியை விடுவன். தண்ணி தட்டுப்பட முதல் முழிப்பு வந்திடும்." கொஞ்ச தூரம் போய்ச் சொன்னாள்: "பிறகு வாறேல்லை. எப்ப நிண்டதெண்டும் தெரியாது."

நான் குடத்தை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். வெறுங் குடம்தான்.

கிணற்றடியில் ஐந்தாறு பெண்கள் நின்றார்கள். இராசமணியைக் கண்டதும் இடம் விட்டார்கள். ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். லாஞ்சியில் பக்கத்தில் இருந்த வெற்றிலைக்காரி!

"ராசமணியக்கா, உவதானே உங்கடை தண்ணி குடியாத தமக்கை?"

தீவு முழுக்கத் தெரிந்திருந்தது. நான் நிமிர்ந்து நின்றேன். "ஓம். இவளின்ரை வீட்டிலை ஒரு மிடறு தண்ணி குடிக்கமாட்டன் எண்டு சொன்னனான். அப்பிடியே இருக்கிறன்."

"வீட்டிலை எந்தத் தண்ணியை?"

"வீட்டுக் கிணத்துத் தண்ணியை. வேறை எதை?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கிணற்றடி முழுக்கச் சிரித்தது. ஒருத்தியின் கையிலிருந்து கயிறு நழுவி வாளி கிணற்றுக்குள் விழுந்தது.

"ஆச்சி, அதை நாங்கள் ஒருத்தரும் குடிக்கிறேல்லையே! மாடும் ஒருக்கால் யோசிச்சுத்தான் வாயை வைக்கும். இந்தத் தீவிலை ஆரின்ரை வீட்டிலை குடிக்கிற தண்ணி இருக்கு? எல்லாரும் இஞ்சைதான்."

நான் இராசமணியைப் பார்த்தேன். அவள் வாளியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"இது ஆரின்ரை கிணறு?" என்று கேட்டேன்.

"ஊர்க் கிணறு."

"உன்ரை இல்லையே?"

"என்ரை இல்லை. ஒரு நாளும் என்ரை இல்லை." வாளி தண்ணீரில் விழுந்து நிரம்புகிற சத்தம் கேட்டது. "வந்திருந்தா அண்டைக்கே சொல்லியிருப்பன், அக்கா. நீ வரேல்லையே."

படலையில் நின்று அவ்வளவு பெரிய வார்த்தை சொன்னேனே, அது எதன்மேல் சொன்னது? எங்கள் ஊரில் வீடு என்றால் கிணறு, கிணறு என்றால் குடிக்கிற தண்ணீர். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்தேன். இந்தத் தீவில் அவள் வீட்டில் குடிக்கத் தண்ணீரே இருந்ததில்லை. இல்லாத தண்ணீரைத்தான் இருபத்தாறு வருடம் குடியாமல் இருந்திருக்கிறேன்.

அவள் வாளியைத் தூக்கி நின்றாள். நான் குனிந்து இரண்டு கையையும் ஏந்தினேன். வார்த்தாள். குடித்தேன். முழங்கையால் வழிந்தது. பிறகும் ஏந்தினேன். பிறகும் வார்த்தாள்.

"எப்பிடி?" என்றாள்.

"பரவாயில்லை" என்றேன். "கொஞ்சம் உப்பு."

அடுத்த நாளிலிருந்து அடுப்பில் ஒரு கேத்தல்தான். மத்தியானம் திரும்பவும் கூழ். தம்பி பானையை என் பக்கம் தள்ளி வைத்தான். வெளிக்கிடுகிற அன்று அந்த நீலக் கானை இராசமணியிடம் விட்டுவிட்டு வந்தேன். குடத்தைவிடத் தூக்கச் சுகம் என்று சொன்னேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

தம்பி மலாயாவுக்குப் போய்விட்டான். அடுத்த சித்திரையில் எங்கள் பிள்ளையார் கோயில் தேர். அன்று காலை பஸ்ஸிலிருந்து இராசமணி இறங்கி வருகிறாள், இடுப்பில் நீலக் கான், நிறையத் தண்ணீர். படலையில் நான் நின்றேன். அயலட்டை எல்லாம் வேலி ஓட்டைகளால் பார்த்தது.

"என்னடி, எங்கடை கிணறு வத்திப்போச்செண்டு நினைச்சியோ?"

"வத்தேல்லை. சப்பு. எனக்கு இது இல்லாமல் தேத்தண்ணி இறங்காது."

உள்ளே வந்து கானைக் குசினியில் வைத்தாள். குளிக்கப் போனாள். நான் தண்ணீர் இறைக்கிற மிசினைப் போடவா என்று கேட்க, வேண்டாம், வாளியால் அள்ளுகிறேன் என்றாள். ஒரு வாளி வார்த்தாள். இரண்டாவது வார்த்தாள். மூன்றாவதைப் பாதியில் நிறுத்தி, தலைமயிரைப் பிழியத் தொடங்கினாள். கிணற்றில் தண்ணீர் தளதளவென்று நின்றது.

"என்னடி, முடிஞ்சுதோ?"

"காணும், அக்கா. பழகிப்போச்சு."

நான் வாளியை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"அக்கா, விடு. குளிருது."

"சும்மா இரு."

மூன்றாவதின் மீதியை வார்த்தேன். நாலாவதை அள்ளி வார்த்தேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கல்லில் குந்தியிருந்தாள், அம்மா குளிப்பாட்டும்போது குந்தியிருந்த அதே மாதிரி. ஆறாவது வாளிவரை நான் நிறுத்தவில்லை.

பின்னேரம் தேத்தண்ணியை அவள் கொண்டுவந்த தண்ணீரில்தான் போட்டேன், இரண்டு பேருக்கும். உப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. நான் சொல்லவில்லை.